அடுத்தவர் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியுமா?

வழியில் கிடந்ததாகச் சொல்லி ஒருவர் வங்கிக் கவுன்ட்டரில் ஒரு பர்ஸைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அது உரியவரிடம் போய்ச் சேருமா? உள்ளே பணம் இருந்தால் அந்த வாய்ப்பு கூடுமா, குறையுமா? குறையும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். பணத்தைக் கண்டால் மனம் மாறும் என்பது நாம் பார்த்துப் பழகிய உலகம்.

சூரிக், மிச்சிகன், யூட்டா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த நால்வர் இதை 40 நாடுகளில், 355 நகரங்களில் செய்து பார்த்தார்கள். இந்தியாவும் அதில் உண்டு. மொத்தம் 17,303 பர்ஸ்கள். ஒவ்வொன்றும் ஒளி புகும் பிளாஸ்டிக்கால் ஆனது. திறக்காமலே உள்ளே இருப்பது தெரியும்: ஒரே பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அச்சிட்ட மூன்று விசிட்டிங் கார்டுகள், உள்ளூர் மொழியில் எழுதிய மளிகைச் சீட்டு, ஒரு சாவி. சிலவற்றில் பணமும் இருந்தது. அமெரிக்க மதிப்பில் சுமார் 13 டாலர். வங்கி, தபால் நிலையம், திரையரங்கு, ஹோட்டல், காவல் நிலையம் என்று எங்காவது ஒரு கவுன்ட்டரில் கொடுத்து, "தெருவில் கிடந்தது, எனக்கு அவசரம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள். பிறகு மின்னஞ்சலுக்குக் காத்திருந்தார்கள்.

பணமில்லாத பர்ஸைப் பற்றி 40 சதவீதம் பேர் உரியவருக்குத் தகவல் அனுப்பினார்கள். பணம் இருந்த பர்ஸைப் பற்றி 51 சதவீதம் பேர். 40 நாடுகளில் 38இல் பணம் இருந்தபோது நேர்மை கூடியது. அமெரிக்கா, பிரிட்டன், போலந்து ஆகிய மூன்று நாடுகளில் தொகையை ஏறத்தாழ 94 டாலராக உயர்த்தியபோது திரும்பியவை 72 சதவீதமாயின. சில பர்ஸ்களைச் சாவி இல்லாமலும் கொடுத்துப் பார்த்தார்கள்; அவற்றைவிடச் சாவி உள்ள பர்ஸ் அதிகம் திரும்பியது. சாவியால் பயன் பெறுபவர் தொலைத்தவர் மட்டுமே என்பதால், எங்கோ இருக்கும் அந்த ஆளின் கஷ்டமும் கவுன்ட்டரில் இருந்தவரின் மனத்தில் ஓடியது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். தொகை கூடக்கூட, பேசாமல் இருந்துவிடுவது 'திருட்டு' என்று தனக்கே உறைக்கிறது. தன்னைத் திருடனாகப் பார்க்க மனிதனுக்குப் பிடிக்கவில்லை. இது அவர்கள் தரும் விளக்கம்.

2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இந்தக் கட்டுரையில் என்னை அதிகம் நிறுத்தியது இன்னொரு பகுதி. முடிவைச் சொல்லாமல் பொதுமக்களிடம் கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் பொதுவாகத் தலைகீழாகச் சொன்னார்கள். தேர்ந்த பொருளியல் அறிஞர்களிடம் கேட்டார்கள். அவர்களும் சரியாகச் சொல்லவில்லை.

அன்றாட நடத்தையையும் முடிவெடுத்தலையும் பற்றி ஐம்பது ஆண்டுகளாகக் குவிந்திருக்கும் ஆய்வுகளை வரிசையாகப் படித்தால், மிக உறுதியாக நிற்கும் கண்டுபிடிப்பு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: அடுத்தவர் என்ன செய்வார் என்பதை நாம் சரியாகக் கணிப்பதில்லை, நிபுணர்களும் கணிப்பதில்லை. அந்த நிபுணர்களில் இந்த ஆய்வுகளைச் செய்பவர்களும் அடக்கம் என்பதுதான் சிக்கலே.

இந்தத் துறையின் தொடக்கம் கௌரவமானது. டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1970களில், மனிதன் நிகழ்தகவைக் கணக்கிடும்போது எந்தெந்த இடங்களில் வழுக்குகிறான் என்பதைச் சிறு கேள்விகள் மூலம் காட்டினார்கள். கானமனுக்கு 2002இல் பொருளியல் நோபல் கிடைத்தது. அதே வழியில் வந்த ரிச்சர்ட் தேலருக்கு 2017இல். இடையில் 2010இல் பிரிட்டன் அரசு, மக்களைக் கட்டாயப்படுத்தாமல் மெல்லத் தட்டித் திருப்புவதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. விமான நிலையப் புத்தகக் கடைகளில் இந்த வகை நூல்களுக்குத் தனி அலமாரியே வந்தது. 'ஆய்வு ஒன்று சொல்கிறது' என்று தொடங்கும் பெட்டிச் செய்தி இல்லாத ஞாயிறு மலர் இல்லை என்றானது.

பிறகு 2011 வந்தது. அந்த ஆண்டு, எதிர்காலத்தில் நடக்கப்போவதை மனிதர்கள் முன்கூட்டியே உணர்கிறார்கள் என்று ஒன்பது சோதனைகளோடு ஒரு கட்டுரை முன்னணி உளவியல் இதழில் வெளியானது. எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேரில் பெம். பயன்படுத்திய புள்ளியியல் முறைகள் எல்லோரும் பயன்படுத்தியவைதான். அதனால் சங்கடம் வேறு வடிவம் எடுத்தது: இந்த முறையில் ஜோசியத்தையே நிரூபிக்க முடியும் என்றால், இதே முறையில் நிரூபித்த மற்றதெல்லாம் என்ன ஆவது? அதே ஆண்டு ஜோ சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் என்ற மூவர் ஒரு குறும்பு செய்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்ட மாணவர்களின் வயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்று, எந்த எண்ணையும் புனையாமல், 'நிரூபித்து' வெளியிட்டார்கள். எத்தனை பேரோடு நிறுத்துவது, எந்த அளவீட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை முடிவைப் பார்த்துப் பார்த்துத் தீர்மானித்தால் எதையும் நிரூபிக்கலாம் என்பதே அவர்கள் சொல்ல வந்தது. 2015இல் உளவியல் இதழ்களிலிருந்து 100 ஆய்வுகளை எடுத்து வேறு குழுக்கள் மீண்டும் செய்து பார்த்தபோது, 36 சதவீதத்தில்தான் புள்ளியியல் முறைப்படி அதே முடிவு கிடைத்தது. முதலில் வெளியானபோது அவற்றில் 97 சதவீதம் வெற்றி பெற்றவை.

அதனால் இன்று இந்தத் துறையைப் பற்றி எழுதுபவர் முதலில் களை எடுக்க வேண்டியிருக்கிறது.

பசித்த நீதிபதிகளின் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். 2011இல் வந்த ஆய்வு அது. இஸ்ரேலில் 8 நீதிபதிகள், கைதிகளின் பரோல் மனுக்கள் மீது எடுத்த 1,112 தீர்ப்புகள். காலையில் அமர்ந்தவுடன் 65 சதவீத மனுக்கள் ஏற்கப்படுகின்றன. நேரம் ஆக ஆகக் குறைந்து, உணவு இடைவேளைக்குச் சற்று முன் ஏறத்தாழ பூஜ்யத்தைத் தொடுகிறது. சாப்பிட்டு வந்ததும் மறுபடி 65. ஒரு மனிதனின் விடுதலை நீதிபதியின் வயிற்றைப் பொறுத்தது என்றால் யாருக்குத்தான் பதறாது? கானமனின் புகழ்பெற்ற நூலிலும் இது இடம்பிடித்தது. ஆனால் அதே ஆண்டில் வந்த மறுப்பு அவ்வளவாகப் பரவவில்லை. மனுக்கள் நீதிபதியின் முன் குலுக்கல் முறையில் வருவதில்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாத கைதிகளின் மனுக்கள் ஒவ்வோர் அமர்வின் கடைசியில் வந்தன. வழக்கறிஞர் இல்லாதவருக்குப் பரோல் கிடைப்பது எந்த நேரத்திலும் அரிது. பின்னர் இன்னொருவர் கணினிக் கணக்கீட்டில் காட்டினார்: அனுமதி தரும் தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகும், இடைவேளை நெருங்கும்போது நீண்ட வழக்கை யாரும் கையில் எடுக்கமாட்டார்கள், இது ஒன்றே அந்த வரைபடத்தின் சரிவில் பெரும்பகுதியை உண்டாக்கிவிடும். பசிக்கு எந்தப் பங்கும் இல்லை என்று இதனால் நிரூபணம் ஆகிவிடவில்லை. ஆனால் 65இலிருந்து பூஜ்யம் என்ற அந்தப் பயங்கரமான வீழ்ச்சியைப் பசியின் கணக்கில் எழுத முடியாது.

ஜாம் கதையும் அப்படியே. கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரின் பெரிய மளிகைக் கடை ஒன்றில் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் ஒருமுறை 24 வகை ஜாமையும், இன்னொருமுறை 6 வகையையும் சுவைக்க வைத்தார்கள். 24 வகைக்கு அதிகம் பேர் நின்றார்கள், ஆனால் அவர்களில் 3 சதவீதம் பேரே வாங்கினார்கள். 6 வகையின் முன் நின்றவர்களில் 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். தேர்வு பெருகினால் மனிதன் திகைத்துப் போகிறான் என்ற பாடம் 2000இலிருந்து எல்லா வணிக மேடைகளிலும் ஒலித்தது. பத்தாண்டு கழித்து, இதே போன்ற ஐம்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறத்தாழ பூஜ்யம் என்று வந்தது. சில சூழலில் திகைப்பு உண்டு, சில சூழலில் அதிகத் தேர்வே நல்லது. தீபாவளிக்கு முந்தைய வாரம் தி.நகர் ஜவுளிக் கடைக்குள் நுழைந்து பார்த்தவருக்கு இது அதிர்ச்சி தராது.

இனிப்பைத் தின்னாமல் பதினைந்து நிமிடம் காத்திருந்த குழந்தை பிற்காலத்தில் பெரிய ஆளாகும் என்ற ஸ்டான்ஃபோர்டு ஆய்வை நம் பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில்கூடச் சொல்கிறார்கள். 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து, குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது அந்தத் தொடர்பு மிகவும் சுருங்கிவிட்டது. நாளை இனிப்பு நிச்சயம் உண்டு என்ற வீட்டிலிருந்து வந்த குழந்தை காத்திருப்பதில் வியப்பென்ன? மன உறுதி தசையைப் போலக் களைத்துப்போகும் என்ற கொள்கையை 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தன. ஏறத்தாழ ஒன்றும் கிடைக்கவில்லை. இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றால் ஹார்மோன் மாறும் என்ற 'அதிகாரத் தோரணை'யை, அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியரே 2016இல் கைவிட்டார்.

இவையெல்லாம் ஆர்வக்கோளாறு என்று விட்டுவிடலாம். அப்படி விட முடியாத ஒன்றும் நடந்தது. படிவத்தின் கீழே கையெழுத்து வாங்காமல் மேலேயே வாங்கிவிட்டால் மனிதர்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012இல் ஐவர் எழுதிய கட்டுரை வந்தது. பொய் சொல்லக்கூடாது என்பதைப் பொய் சொல்லும் முன்பே நினைவூட்டிவிடுகிறோம் என்பது அதன் தர்க்கம். எவ்வளவு மலிவான சீர்திருத்தம்! கார் காப்பீட்டுப் படிவங்களில் ஓட்டிய தூரத்தை மக்கள் எப்படி எழுதினார்கள் என்ற தரவு அதன் ஒரு தூணாக இருந்தது. 2020இல் அதே ஆசிரியர்கள், மீண்டும் செய்து பார்த்தோம், வரவில்லை என்று எழுதினார்கள். 2021இல் பீட்டில்ஸ் குறும்பு செய்த அதே மூவர் அந்தக் காப்பீட்டுத் தரவைத் திறந்து பார்த்தார்கள். உண்மையான வாகன ஓட்டிகளில் நடுத்தரத் தூரம் ஓட்டுபவர்களே அதிகம் இருப்பார்கள். இந்தத் தரவிலோ பூஜ்யத்திலிருந்து 50,000 மைல் வரை எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு ஆட்கள்; 50,000ஐத் தாண்டினால் ஆளே இல்லை. எக்செல் கோப்பில் எண்கள் இரண்டு வெவ்வேறு எழுத்துருக்களில் இருந்தன. தரவு புனையப்பட்டது என்பது தெளிவானது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தரவைக் கொண்டுவந்தவர் டான் ஏரியலி. அது காப்பீட்டு நிறுவனம் தந்தது, தாம் புனையவில்லை என்று மறுத்தார். நேர்மையைப் பற்றிய ஆய்வில் நடந்த நேர்மைக்கேடு என்று உலகப் பத்திரிகைகள் சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கட்டுரையை நம்பிப் படிவங்களைச் சோதித்த அரசுகள் உண்டு.

களையெடுத்த பின் என்ன மிஞ்சுகிறது? கணிசமாகவே மிஞ்சுகிறது. அதில் வளமான பகுதி பணத்தைப் பற்றியது.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்கள். மாலையில் பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வருகிறார்கள். ஆசிரியை காத்திருக்க வேண்டியிருக்கிறது. 1998இல் யூரி நீசியும் ஆல்டோ ரஸ்டிச்சினியும் 6 காப்பகங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெகல் அபராதம் என்று அறிவிக்கச் செய்தார்கள். தாமதம் குறையும் என்பது பாமரக் கணக்கு, பொருளியல் கணக்கும்கூட. தாமதம் கூடியது, சில வாரங்களில் ஏறத்தாழ இரு மடங்கு. முன்பு தாமதமாக வந்தவர் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார். இப்போது அதற்கு விலை நிர்ணயமாகிவிட்டது, கொடுத்தால் தீர்ந்தது. பிறகு அபராதத்தை நீக்கியும் தாமதம் பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஒருமுறை விற்ற கூச்சத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை. இதிலிருந்து 'அபராதமே பயனற்றது' என்று தாவுபவர்கள் உண்டு. 10 ஷெகல் சிறு தொகை. பத்து மடங்காக வைத்திருந்தால் பெற்றோர் ஓடி வந்திருப்பார்கள். ஆய்வு சொல்வது குறுகலானது, ஆனால் கூர்மையானது: வெட்கம் காவல் காத்துக்கொண்டிருந்த இடத்தில் சின்ன அபராதத்தை வைத்தால் வெட்கம் போய்விடும்.

இதன் மறுபக்கமாக, ரத்த தானத்துக்குக் காசு கொடுத்தால் தானமே கெடும் என்று 1970இல் ரிச்சர்ட் டிட்மஸ் எழுதியது நெடுங்காலம் வேதவாக்காக இருந்தது. பின்னாளில் களத்தில் செய்து பார்த்த சோதனைகளில் பரிசுக் கூப்பன் போன்றவை தானத்தைக் கூட்டவே செய்தன. ஆக, பணம் நல்லெண்ணத்தைக் கொல்லும் என்பதும் பொது விதியாக நிற்கவில்லை. கவுன்ட்டர் பர்ஸும் காப்பகமும் ரத்த வங்கியும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. இடம் தெரியாமல் விதி சொல்லாதே என்கிறது இந்தத் துறை, தன் நல்ல நாட்களில்.

இனி நம் ஊர். இந்த உலக ஆய்வுகளில் பேசப்படும் சில, தமிழ்நாட்டு மண்ணில் நடந்தவை என்பது தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாது.

முதலாவது மதுரை வட்டாரம். மேலே சொன்ன ஏரியலி, நீசி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன், நினா மஸார் ஆகியோர் 87 பேரை ஆறு விளையாட்டுகள் ஆடவைத்தார்கள்: நினைவாற்றல், கை நிதானம், குறிபார்த்து எறிதல் போன்றவை. நன்றாக ஆடினால் ஒரு விளையாட்டுக்கு ஒரு குழுவுக்கு 4 ரூபாய், இன்னொரு குழுவுக்கு 40, மூன்றாவது குழுவுக்கு 400. அன்றைய கிராமக் குடும்பக் கணக்கில் 400 ரூபாய் ஒருவருடைய ஏறத்தாழ ஒரு மாதச் செலவு. 4 ரூபாய்க்காரர்களும் 40 ரூபாய்க்காரர்களும் ஒரே தரத்தில் ஆடினார்கள். 400 ரூபாய்க்காரர்கள்தான் படுமோசமாக ஆடினார்கள். பரிசு பெரிதானால் கை நடுங்குகிறது, மனம் பரிசிலேயே நிற்கிறது. பெரும் நிறுவனத் தலைவர்களுக்குக் கோடிக்கணக்கில் போனஸ் தருவதை நியாயப்படுத்துபவர்களுக்கு எதிராக இந்தச் சான்று மேற்கோளானது. நான் சற்று நிதானிப்பேன். 87 பேரை மூன்றாகப் பிரித்தால் குழுவுக்கு முப்பது பேர்கூட இல்லை. வாழ்நாளில் ஒருமுறை முன்பின் தெரியாத விளையாட்டுக்கு வரும் பரிசும், ஆண்டுதோறும் வரும் போனஸும் ஒன்றல்ல.

இரண்டாவது விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு. ஏழைகள் தவறான முடிவுகளை எடுப்பதால் ஏழைகளாக இருக்கிறார்கள் என்ற பழைய பேச்சை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் திருப்பிக் கேட்டார்கள்: ஏழ்மையே முடிவெடுக்கும் திறனைத் தின்றுவிடுகிறதா? இதைச் சோதிக்க ஒரே ஆளைப் பணமில்லாதபோதும் பணமுள்ளபோதும் பார்க்க வேண்டும். கரும்பு அதற்கு வாகான பயிர். வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வரும். ஆலை ஒரே நேரத்தில் எல்லாக் கரும்பையும் அரைக்க முடியாது. அதனால் வெட்டு உத்தரவு ஊர் ஊராக, மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி வரும். ஒரே வாரத்தில் ஒருவர் வெட்டி முடித்துப் பணம் வாங்கியிருப்பார், பக்கத்து ஊர்க்காரர் காத்திருப்பார். பருவமோ வெயிலோ பண்டிகையோ காரணம் என்று சொல்ல வழியில்லை. ஆய்வாளர் அமைத்த ஏற்பாட்டைவிட ஆலையின் நெருக்கடி நேர்த்தியான சோதனையை அமைத்துக்கொடுத்தது.

54 கிராமங்களில் 464 விவசாயிகள். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 சதவீதம். வடிவங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் புதிர்கள் பத்து கொடுத்ததில், அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 சரி, பின்பு 5.45. அதே ஆள், அதே மூளை. 2013இல் வெளியான இந்தக் கட்டுரை, பணக்கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது, ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருப்பதற்கு அது சமம் என்று சொன்னது. உலகம் முழுக்கக் கொள்கை வகுப்பாளர்கள் மேசையில் இது ஏறியது.

இதுவும் கேள்விகளிலிருந்து தப்பவில்லை. அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் சோதித்த ஆய்வு, சிந்தனைத் திறனில் வேறுபாடு காணவில்லை என்று 2016இல் எழுதியது. பற்றாக்குறையின் உளவியல் பற்றிய 20 ஆய்வுகளை 2021இல் மீண்டும் செய்தபோது விளைவுகள் பல இடங்களில் சுருங்கின. மறுபக்கம், ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் கூலித் தொழிலாளர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்தபோது, அவர்கள் அதிகம் தைத்தார்கள், பிழையும் குறைந்தது. என் கணிப்பு இது: பதினைந்து நாளுக்கொருமுறை சம்பளம் வாங்குபவரின் கடைசி நாளும், பதினோரு மாதம் கடனில் ஓட்டிய கரும்பு விவசாயியின் கடைசி மாதமும் ஒரே பெயரில் அழைக்கத்தக்க அனுபவங்கள் அல்ல. விழுப்புரத்துக் கண்டுபிடிப்பு அமெரிக்காவில் கிடைக்காததால் பொய்யாகிவிடாது. உலகப் பொது விதியும் ஆகிவிடாது.

மூன்றாவதும் நான்காவதும் சென்னை. நகர ஏழைகள் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று கையில் கட்டிய கருவியால் அளந்தார்கள். படுக்கையில் எட்டு மணி நேரம் இருந்தாலும் தூக்கம் ஐந்தரை மணி நேரமே. வெக்கை, கொசு, சத்தம், இடநெருக்கடி. 452 பேரை ஒரு மாதத் தரவுப் பதிவு வேலைக்கு அமர்த்தி, ஒரு பகுதியினருக்குக் கண்பட்டை, காதடைப்பான், மெத்தை போன்றவற்றைக் கொடுத்தார்கள். சிலருக்கு அதிகம் தூங்கினால் பணமும். தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. முன்கூட்டியே கேட்டபோது நிபுணர்கள், உற்பத்தித் திறன் நன்றாகக் கூடும் என்று கணித்திருந்தார்கள். கூடவில்லை. வேலையிலும் சிந்தனையிலும் உடல்நலத்திலும் அளக்கத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் அலுவலகத்திலேயே மதியம் அரை மணி நேரம் அமைதியான இடத்தில் குட்டித்தூக்கம் போட விட்டவர்களுக்கு வேலைத் திறன் கூடியது, மனநிலை தெளிந்தது, பொறுமையும் வளர்ந்தது. கலைந்து கலைந்து வரும் இரவுத் தூக்கத்தில் அரை மணி நேரத்தைக் கூட்டுவதும், கலையாத அரை மணி நேரமும் வேறு வேறு என்பதே இதற்கு நல்ல விளக்கமாகப் படுகிறது. மதியம் துண்டை விரித்துச் சாய்பவரைச் சோம்பேறி என்று திட்டிய மேஸ்திரிகள் இதைப் படிக்கலாம். முதலாளிகளுக்கும் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அந்த அரை மணி நேரத்தை வேலையிலேயே கழித்தவர் மொத்தத்தில் அதிகம் சம்பாதித்தார். தூக்கம் திறனைக் கூட்டியது, நேரத்தை எடுத்துக்கொண்டது.

நான்காவது குடியைப் பற்றியது. ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் 229 சைக்கிள் ரிக்ஷாக்காரர்களோடு மூன்று வாரம் செய்த ஆய்வு 2019இல் வந்தது. மாலையில் வந்து மூச்சுக்கருவியில் ஊத வேண்டும். ஒரு குழுவுக்கு, குடித்திருந்தால் 60 ரூபாய், குடிக்காமலிருந்தால் 120. இன்னொரு குழுவுக்கு எப்படி வந்தாலும் ஒரே தொகை. ஊக்கத்தொகை பெற்றவர்கள் குடியை விடவில்லை. மொத்தக் குடி ஏறத்தாழ அப்படியே இருந்தது. பகல் குடியைத்தான் குறைத்தார்கள், நேரத்தைத் தள்ளிப்போட்டார்கள். அதுவே போதுமாக இருந்தது: அவர்கள் சேமிப்பு சுமார் 50 சதவீதம் கூடியது. குடிக்குச் செலவழித்த பணம் மிஞ்சியது என்பது மட்டும் இதற்குக் காரணமாகாது. தெளிவாக இருந்த நேரத்தில் சேமிக்க முடிந்தது. இன்னொன்று இதைவிட ஆழமானது. எப்படி வந்தாலும் கிடைக்கும் பணமா, குடிக்காமல் வந்தால் கிடைக்கும் பணமா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் கையில் வரும் காசில் கொஞ்சத்தை இழந்தாவது இரண்டாவதைக் கேட்டார்கள். தன்னைக் கட்டிப்போடத் தானே கூலி கொடுக்கச் சம்மதித்தார்கள்.

மதுவிலக்கு என்றால் நம்மிடம் இரண்டு கட்சிகள்தான்: எல்லாக் கடையையும் மூடு, அல்லது குடிப்பவன் குடிக்கட்டும். 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்ததிலிருந்து தேர்தலுக்குத் தேர்தல் இதே பேச்சு. குடிப்பவரே தன் குடியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், அந்தச் சண்டையில் உதவி கேட்கிறார் என்ற செய்தி எந்த மேடையிலும் ஏறுவதில்லை. 2016இல் கடை திறக்கும் நேரம் காலை 10 மணியிலிருந்து பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது. இந்த ஆய்வின் வெளிச்சத்தில், எத்தனை கடை மூடினோம் என்ற கணக்கைவிட அந்த இரண்டு மணி நேரம் முக்கியமானதாக இருக்கக்கூடும்.

கொள்கை என்று வரும்போது எல்லோரும் காட்டும் வரைபடம் உறுப்பு தானம். எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 2003இல் காட்டியது: விரும்பினால் சேரலாம் என்ற ஜெர்மனியில் சம்மதித்தவர்கள் 12 சதவீதம், விரும்பாவிட்டால் விலகலாம் என்ற பக்கத்து ஆஸ்திரியாவில் 99.98. நாடும் மொழியும் நெருக்கம், வேறுபாடு படிவத்தில். முன்னிருப்பாக எதை வைக்கிறோமோ அதிலேயே பெரும்பாலோர் இருந்துவிடுகிறார்கள் என்பது உறுதியான கண்டுபிடிப்புதான். ஆனால் ஏட்டில் உள்ள சம்மதம் அறுவைக்கூடத்தில் தானாகவே உறுப்பாக மாறுவதில்லை. உலகில் முன்னணியில் இருக்கும் ஸ்பெயினில் 1979 முதல் சட்டம் அனைவரையும் சம்மதித்தவர்களாகக் கருதுகிறது. நடைமுறையில் ஒவ்வொரு முறையும் குடும்பத்தைக் கேட்கிறார்கள். வெற்றிக்குக் காரணம் மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் என்று அதை வழிநடத்தியவர்களே சொல்லிவந்தார்கள். தமிழ்நாடு 2008இலிருந்து மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தில் இந்தியாவின் முன்வரிசையில் இருப்பதும் படிவத்தால் அல்ல. அரசாணைகள், மருத்துவமனைகளின் ஒழுங்கு, அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் ஆட்கள். 2023 செப்டம்பரில் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதல்வர் அறிவித்தார். படிவத்தில் டிக் அடிப்பதைவிட நம் ஊருக்குப் பொருந்தும் தூண்டுதல் அது.

மெல்லத் தட்டித் திருப்பும் இந்த உத்திகளின் மொத்தப் பலன் எவ்வளவு? 2022இல் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் அமெரிக்காவின் இரண்டு பெரிய அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளையும், வெற்றியும் தோல்வியும் விடாமல், எடுத்துப் பார்த்தார்கள். 2 கோடியே 30 லட்சம் பேர். ஆய்விதழ்களில் வெளியான கட்டுரைகளின்படி இத்தகைய உத்திகள் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளி மாற்றத்தைத் தருகின்றன. இந்த அமைப்புகளின் முழுக் கணக்கிலோ 1.4. தோற்ற சோதனைகள் இதழ்களில் அச்சாவதில்லை என்பதே வேறுபாட்டின் பெரும் பகுதி. இங்கேயும் நிபுணர்களைக் கணிக்கச் சொன்னார்கள், கூட்டித்தான் சொன்னார்கள். 1.4 என்பது கேலிக்குரியதல்ல. ஒரு கடிதத்தின் வாசகத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. லட்சம் பேரில் 1,400 பேர் கூடுதலாகத் தடுப்பூசி போட வந்தால் லாபம்தான். ஆனால் வறுமையையும் வரி ஏய்ப்பையும் கடிதத்தால் தீர்த்துவிடலாம் என்று கனவு விற்றவர்கள் கணக்குக் காட்ட வேண்டும்.

சின்ன விஷயம் ஒன்று, மறுசோதனையிலும் நின்றது. சிகாகோ புறநகர் ரயில் பயணிகளில் சிலரைப் பக்கத்திலிருக்கும் அந்நியரோடு பேசச் சொன்னார் நிக்கோலஸ் எப்லி. பேசினால் பயணம் கெடும் என்றே பயணிகள் பொதுவாக நினைத்தார்கள். பேசியவர்களே அதிக மகிழ்ச்சியோடு இறங்கினார்கள். முகம் கொடுக்காதவர்கள் என்று பெயரெடுத்த லண்டன் ரயிலிலும் பின்னர் இதே முடிவு. நம் ஊர்ப் பாசஞ்சர் ரயிலில் ஒரு காலத்தில் இதற்கு ஆய்வு தேவைப்பட்டிருக்காது. இன்று எல்லோர் காதிலும் இயர்போன்; தேவைப்படலாம்.

பர்ஸ் ஆய்வுக்கும் ஒரு பின்கதை உண்டு. அதில் சீனா கடைசி வரிசையில் வந்தது. அங்கே யார் மின்னஞ்சல் பார்க்கிறார்கள் என்று சீன ஆய்வாளர்கள் கேட்டார்கள். 2023இல் தாங்களே செய்து, பர்ஸ் பத்திரமாக வைக்கப்பட்டிருந்ததா என்பதையும் அளந்தபோது சீனர்களின் நேர்மை வெகுவாக உயர்ந்தது. தங்கள் மக்களைப் பற்றி வெளியார் எழுதிய வரியை, உள்ளூரை அறிந்தவர்கள் களத்தில் இறங்கித் திருத்தினார்கள்.

நம் மக்களைப் பற்றிய வரிகளும் வெளிநாட்டு இதழ்களில் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. அவற்றைத் தமிழில் கொண்டுவருவது முதல் வேலை, சரிபார்ப்பது இரண்டாவது. ஆலைகள் இன்றும் வெட்டு உத்தரவை வரிசைப்படிதான் தருகின்றன. வெட்டுக்கு முன்பும் பின்பும் ஐந்நூறு விவசாயிகளிடம் பத்துப் புதிர்களைக் கொடுத்துப் பார்க்கப் பெரும் நிதி தேவையில்லை. விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் உள்ள கல்லூரிகளின் பொருளியல் துறைகள் அடுத்த அரவைப் பருவத்திலேயே தொடங்கட்டும். முடிவு எப்படி வந்தாலும் அச்சிடட்டும்.